மேட்டூர் கணக்கில் ஒரு வால்நட்சத்திரம்

வால்நட்சத்திரத்தைத் திருப்பிவிட்டுச் செவ்வாயில் தண்ணீர் பாய்ச்சலாம் என்கிறார்கள். எத்தனை டி.எம்.சி. என்று கேட்பதுதானே டெல்டா வழக்கம்? மேட்டூர் 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. வால்நட்சத்திரமோ பொலபொலத்த சரக்கு. ரோசெட்டா விண்கலம் அளந்த 67பி என்ற வால்நட்சத்திரத்தின் அடர்த்தி தண்ணீரில் பாதிதான். எடையில் பாதி பனி என்று வைத்தால், ஒரு மேட்டூருக்கு 2.7 கி.மீ. குறுக்களவு வேண்டும். 10 கி.மீ. கிடைத்தால் ஐம்பது மேட்டூர்.

சூரியனுக்கு வெகுதூரத்தில், மெதுவாக நகரும்போதே திருப்ப வேண்டும். கல்லணையில் ஷட்டரை லேசாகத் தூக்கினால் கடைமடையில் தெரியுமே, அப்படி. ஆனால் அந்த ‘லேசாக’ எவ்வளவு? 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் கலம் நொடிக்கு 6 கி.மீ. வேகத்தில் 160 மீட்டர் குறுக்களவுள்ள டைமார்ஃபோஸ் என்ற சிறுகோளை மோதியது. வேகம் மாறியது நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர். இங்கே நொடிக்கு 100 மீட்டர் தேவை என்று வையுங்கள். மோதிப் பயனில்லை, தள்ள வேண்டும். அதன் பனியையே உருக்கி நொடிக்கு 1 கி.மீ. வேகத்தில் நீராவியாகப் பீய்ச்சினால், எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஒரு மேட்டூர் அளவுள்ளதைப் பத்து வருஷம் தள்ள, ஆவியைப் பீய்ச்சும் வேகத்துக்கு மட்டும் விடாமல் சுமார் 800 மெகாவாட்; பனியை ஆவியாக்கும் சூடு தனி. கூடங்குளத்தின் ஒரு உலை 1000.

எஞ்சினை எங்கே ஊன்றுவது என்பதுதான் தலைவலி. 2014 நவம்பரில் ரோசெட்டாவின் இறங்குகலமான பிலே 67பி-யில் இறங்கியபோது, தரையில் குத்திப் பிடிக்க வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. துள்ளிப்போய் நிழலில் விழுந்தது. 67பி சுமார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சுழல்கிறது. விலாவில் எஞ்சின் வைத்தால் சரியான திசைக்கு வரும்போது மட்டும் தள்ளலாம். துருவத்தில் வைத்தால் முதலில் அச்சையே திருப்ப வேண்டும். வியாழனின் ஈர்ப்பைக் கடன் வாங்கலாம், ஆனால் நெருங்கிவிடக் கூடாது. 1992-ல் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்நட்சத்திரம் அப்படித்தான் துண்டுதுண்டானது.

கிரகங்களுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருவதைத் தொடவே வேண்டாம். 2014 அக்டோபர் 19-ல் செவ்வாயைக் கடந்த சைடிங் ஸ்பிரிங் என்ற வால்நட்சத்திரத்தின் வேகம் நொடிக்கு 56 கி.மீ.; மங்கள்யானைக்கூட கிரகத்துக்குப் பின்னால் ஒதுக்கினார்கள். அந்த வேகத்தில் மோதினால் இருக்கிற கொஞ்சக் காற்றிலும் ஒரு பகுதி பறக்கலாம்.

சரி, ஐம்பது மேட்டூரும் போய்ச் சேர்ந்ததாகவே வைப்போம். செவ்வாய் முழுக்கப் பரப்பினால் 1 மில்லிமீட்டர்கூட வராது. ஹெல்லஸ் பள்ளத்தில் மட்டும் தேக்கினால் 3 சென்டிமீட்டர்: நட்ட வயலில் நாம் கட்டும் தண்ணீர். அதுவும் உறைந்துவிடும்.