பாதிக் கோடும் ஒரு சிறு கொக்கியும்

மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளாகச் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். திருச்செந்தூர் ரயில் பாதையில் இருக்கும் நாசரேத்தில் பிறந்து, அங்கேயே ஒரு பயிலகத்தில் தட்டச்சு ஹையரும் சுருக்கெழுத்தும் தேறி, பணியாளர் தேர்வாணையத்தின் ஸ்டெனோ தேர்வில் நிமிடத்துக்கு 80 சொற்கள் வீதம் பத்து நிமிடம் எழுதிக் காட்டி, 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லிக்கு வந்திறங்கியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் இங்குள்ள அலுவலகங்களில் ‘மதராசி ஸ்டெனோ’ என்றால் ஒரு மதிப்பு இருந்தது. ஆங்கிலம் பிழையில்லாமல் வரும், விடுப்பு எடுக்க மாட்டார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள் என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றாவதற்காகத்தான் எங்களை அதிகம் விரும்பினார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பிறர் முகத்தைப் படிப்பது இந்த வேலையின் ஒரு பகுதி. அதிகாரி காலையில் உள்ளே நுழையும்போது பையை மேசையில் வைக்கும் விதத்திலிருந்தே அன்றைய டிக்டேஷன் எப்படி இருக்கும் என்று ஒரு நல்ல ஸ்டெனோவுக்குத் தெரிந்துவிடும். அது தொழில் திறமைதான்; அதில் தவறில்லை. என் விஷயத்தில் அந்தத் திறமை மெல்ல ஒரு நோயாக மாறியது. அதிகாரி ‘நன்று’ என்று ஒரு சொல் சொன்ன நாளில் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில் பாட்டு வரும்; கடிதத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்திட்டால், இரவு அடுப்படியில் நின்று அந்தக் கடிதத்தை வரிவரியாக மனத்தில் மறுபடி அடித்துப் பார்ப்பேன். குளிர்காலத்தில் மதிய இடைவேளையில் எல்லாரும் புல்வெளியில் வெயில் காய்ந்தபடி வேர்க்கடலை உரிக்கும்போது நான் மட்டும் அறையிலேயே இருப்பேன், ஒருவேளை அழைப்பு மணி அடித்தால் ஓடிப் போய் நிற்க வேண்டுமே என்று. யாரும் என்னை இருக்கச் சொன்னதில்லை.

எங்கள் தளத்தில் திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மூத்த தனிச் செயலராக இருந்தார். நெற்றியில் திருநீறு இல்லாமல் அலுவலகம் வராதவர். என்னைக் கவனித்துக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “ஏம்மா, ஆபீசர் முகத்தைக் காலண்டர் மாதிரி பாக்கணும். அன்னைக்குத் தேதி என்னன்னு தெரிஞ்சுக்கிடலாம். அதுக்கு ஊதுபத்தி கொளுத்தக் கூடாது.” சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஞாயிறு தவறாமல் தமிழ் ஆராதனைக்குப் போய், பாடல் குழுவில் நின்று, ‘உம்மையன்றி வேறே தேவர்கள் இல்லை’ என்ற பொருளில் எத்தனையோ பாடிய எனக்கு, விக்கிரக வணக்கத்தைப் பற்றி ஒரு சைவர் பாடம் எடுத்தது அன்று உறைக்கவில்லை.

முன்பெல்லாம் எங்கள் வேலையை மேலதிகாரி மதிப்பிட்டு எழுதும் ஆண்டு அறிக்கை இரகசியமாகவே இருந்தது. பாதகமான குறிப்பு இருந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். எல்லைச் சாலைப் பணியில் இருந்த ஒரு பொறியாளர், தனக்குத் தெரிவிக்கப்படாத ‘குட்’ என்ற ஒரே ஒரு மதிப்பீட்டால் பதவி உயர்வை இழந்து நடத்திய வழக்கில், எல்லா மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 2008-09 முதல் அறிக்கை முழுவதையும் எங்கள் கையில் தந்தார்கள். பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண், நம்மைப் பற்றி மேலதிகாரி எழுதும் சொற்சித்திரம், நேர்மைக்கு ஒரு தனிப் பத்தி எல்லாம் அதில் இருக்கும். 8 முதல் 10 வரை என்றால் ‘அவுட்ஸ்டாண்டிங்’. எனக்கு 9.1 வந்திருந்தது. அந்தத் தாளை நகலெடுத்து வேதாகமத்துக்குள் வைத்தேன். பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்ததாகத்தான் நினைத்தேன். ஆனால் வேதாகமத்தைத் திறக்கும் போதெல்லாம் முதலில் அதைத்தான் படித்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

அந்த மதிப்பெண் போட்ட இயக்குநர் வட இந்தியர், கடும் உழைப்பாளி, நல்லவர். “நீங்கள் அடித்துக் கொண்டுவந்தால் நான் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுவதோடு சரி” என்று ஒருமுறை வேறு இருவர் முன்னிலையில் சொன்னார். அதைப் போல ஒரு புகழ்ச்சியை அதற்குப் பின் நான் கேட்டதில்லை. கெட்டதும் அதனால்தான்.

2011ஆம் ஆண்டு பிப்ரவரியில், வேறொரு பிரிவு அனுப்பிய திட்டத்துக்கு எங்கள் கருத்தை டிக்டேட் செய்துகொண்டிருந்தார். கூடுதல் செலவை எங்கள் பிரிவு ஏற்காது என்பது சாரம். நடுவில் தொலைபேசி அடித்தது. அவர் ஒரு கையால் அதை எடுத்துக்கொண்டே வாக்கியத்தை முடித்தார். எனக்கு அந்த முடிவு சரியாகக் கேட்கவில்லை. நான் எழுதும் பிட்மன் சுருக்கெழுத்து முறையில் ‘நாட்’ என்னும் மறுப்புக்குப் பல தொடர்களில் தனி உருவம் கிடையாது. முன்னால் வரும் கோட்டைப் பாதியாகக் குறைத்து, முடிவில் ஒரு சிறு கொக்கியை வளைத்துவிட்டால் ‘செய்வோம்’ என்பது ‘செய்யமாட்டோம்’ ஆகிவிடும். நான் கோட்டை முழு நீளத்துக்கு இழுத்திருந்தேன். மறுபடி கேட்டிருக்கலாம். ஆனால் பதினேழு ஆண்டுகளில் எந்த அதிகாரியிடமும் ‘இன்னொரு முறை சொல்லுங்கள்’ என்று நான் கேட்டதே இல்லை. அது என் பெருமை. அடித்தேன், நீட்டினேன், அவர் படிக்காமல் கையெழுத்திட்டார்.

பத்து நாளில் நிதிப் பிரிவு கோப்பைத் திருப்பியது: இந்தச் செலவுக்கு எப்படி இசைந்தீர்கள்? இயக்குநர் கொதித்தார். முதல் வரைவைத் தயாரித்த டீலிங் அசிஸ்டென்ட்தான், அதாவது அந்தக் கோப்பைக் கவனிக்கும் உதவியாளர்தான், குழப்பிவிட்டார் என்று முடிவுகட்டி அவருக்கு மெமோ கொடுக்கச் சொன்னார். அந்த மெமோவையும் எனக்குத்தான் டிக்டேட் செய்தார். அந்த அசிஸ்டென்ட் ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்த, அரியானாவிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் மனிதர். மெமோவை அடித்து முடித்துவிட்டு, பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கோடு முழு நீளத்தில் இருந்தது. கொக்கி இல்லை.

மூன்று நாள் பேசாமல் இருந்தேன். எனக்குத் தண்டனை பயம் இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு தட்டச்சுப் பிழைக்கு மத்திய அரசு யாரையும் வேலையைவிட்டு எடுப்பதில்லை. ‘நான் படிப்பதில்லை’ என்று சொன்ன அந்த மனிதர் நாளை முதல் படிக்கத் தொடங்குவார் என்பதுதான் என்னைத் தடுத்தது. அதற்காக ஒரு வயதானவர் தலையில் என் பிழை விழட்டும் என்று விட்டிருந்தேன். பிறர் மெச்ச வேண்டும் என்ற ஆசை மனிதரைக் கொஞ்சம் அசடாக்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்த எனக்கு, அது இன்னொருவர் சோற்றில் கைவைக்கவும் துணியும் என்று அந்த மூன்று நாளில் தெரிந்தது.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் வேதத்தை வரிசையாக வாசிப்பது வழக்கம். அப்போது பழைய ஏற்பாட்டில் எரேமியா புத்தகத்தில் இருந்தோம். முப்பத்தாறாம் அதிகாரத்தை என் கணவர் வாசித்தார். தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக் சுருளில் எழுதுகிறார். எப்படி எழுதினாய் என்று பிரபுக்கள் கேட்டபோது, அவர் வாயால் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்று மட்டும் பதில் சொல்கிறார். ஒன்பதாம் மாதம், குளிர்கால வீடு, முன்னால் கணப்பு. யோயாக்கீம் ராஜா மூன்று நாலு பத்தி வாசிக்கப்பட்டதும் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துச் சுருள் முழுவதையும் நெருப்பில் போடுகிறான். மற்றவர்கள் அந்த இடத்தில் தீர்க்கதரிசியின் துணிவைப் பார்ப்பார்கள். நான் ஸ்டெனோ அல்லவா, பாருக்கின் கையைப் பார்த்தேன். ஒரு ராஜாவின் ஒப்புதல் அதைவிடத் தெளிவாக மறுக்கப்பட முடியாது. எரேமியா வேறொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக் எல்லாவற்றையும் மறுபடி எழுதினார் என்று வேதம் சொல்கிறது.

நானே இன்னும் சில பக்கங்கள் தள்ளிப் புரட்டினேன். நாற்பத்தைந்தாம் அதிகாரம் முழுக்கப் பாருக் ஒருவருக்காகவே இருக்கிறது, மொத்தம் ஐந்தே வசனம். தவித்து இளைத்துப்போனேன், இளைப்பாறுதல் காணேன் என்று அவர் புலம்புகிறார். அதற்கு வரும் பதில்: “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே.” அடுத்து, நீ போகும் இடமெல்லாம் உன் பிராணனைத் தருவேன் என்று ஒரு வாக்கு. உயிர் மட்டும், பெயரில்லை, பதவியில்லை. என் 9.1 அந்தப் பக்கத்துக்குச் சில பக்கங்கள் தள்ளித்தான் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் காலை நோட்டுப் புத்தகத்தோடு இயக்குநர் அறைக்குப் போனேன். கோட்டைக் காட்டி, கொக்கி இருக்க வேண்டிய இடத்தையும் காட்டி, தவறு என்னுடையது, வரைவு சரியாகத்தான் இருந்தது, மூன்று நாளாகத் தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். அவருக்குப் பிட்மன் தெரியாது. இருந்தாலும் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி” என்றார். மெமோ திரும்பப் பெறப்பட்டது. அசிஸ்டென்ட்டிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் தலையசைத்தார், அதற்கு மேல் பேசவில்லை. ஓய்வுபெறும் வரை என் வணக்கத்துக்கு வணக்கம் சொன்னார், சிரித்ததில்லை. இயக்குநர் அன்றிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் படித்த பிறகுதான் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு எனக்கு வந்தது 7.6. ‘அவுட்ஸ்டாண்டிங்’ போய் ‘வெரி குட்’. சபையில் சாட்சி சொல்லும் கூட்டங்களில் இந்த இடத்தில் ஒரு பதவி உயர்வு வரும். எனக்கு வரவில்லை என்பதை எழுதுவதற்காகவே இதை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வேறொரு குழியிலும் விழப் பார்த்தேன். மனிதர் ஒப்புதல் வேண்டாம், தேவன் ஒப்புதல் போதும் என்று சொல்லிக்கொண்டு, அந்த இயக்குநரின் நாற்காலியில் தேவனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டேன். உபவாச ஜெபம், மருத்துவமனைச் சந்திப்பு, பாடல் பயிற்சி என்று வரிசையாகச் செய்து, இரவில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். அறிக்கை அனுப்பும் இடம்தான் மாறியிருந்தது. இதிலிருந்து என்னை வெளியே எடுத்தது, மத்தேயு மூன்றாம் அதிகாரத்தில் ஆயிரம் முறை கேட்ட ஒரு வாக்கியம். இயேசு ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறும்போது வானத்திலிருந்து வரும் சத்தம், “இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்” என்கிறது. அதுவரை அவர் ஒரு பிரசங்கம் செய்ததாகவோ ஒரு நோயாளியைத் தொட்டதாகவோ அந்தச் சுவிசேஷம் எழுதவில்லை. எங்கள் ஆண்டு அறிக்கையில் முதலில் நாம் சுயமதிப்பீடு எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகுதான் மேலதிகாரி மதிப்பிடுவார். இங்கே வேலை தொடங்குவதற்கு முன்பே பிரியம் சொல்லப்பட்டுவிடுகிறது. கிறிஸ்துவுக்குள் அந்தப் பிரியத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று சிறு வயதிலிருந்தே விசுவாசப் பிரமாணம் போலச் சொல்லி வந்திருக்கிறேன். அலுவலக நடைமுறை தெரிந்தவளாக அதை வாசித்தபோதுதான் எவ்வளவு தலைகீழான ஏற்பாடு என்று வியந்தேன்.

கொலோசெயருக்கு எழுதும்போது பவுல், மனுஷருக்குப் பிரியமாயிருக்க விரும்பி ‘பார்வைக்கு ஊழியம்’ செய்வதைப் பற்றிச் சொல்கிறார். மதிய வெயிலை விட்டுவிட்டு அழைப்பு மணிக்காக நான் காத்திருந்த பதினேழு குளிர்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. அதே பவுல் ரோமருக்கு எழுதிய பதினாறு அதிகார நிருபத்தைத் தம் கையால் எழுதவில்லை. கடைசியில் தெர்தியு என்பவர், இந்த நிருபத்தை எழுதின நானும் உங்களை வாழ்த்துகிறேன் என்று ஒரே ஒரு வரி நுழைத்துக்கொள்கிறார். அந்த வரி எனக்கு மிகவும் பிடிக்கும். அவ்வளவு நீண்ட டிக்டேஷனுக்குப் பிறகு, நன்றாக எழுதினேனா என்று அவர் கேட்கவில்லை, வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்.

இப்போது எங்கள் அலுவலகத்தில் கோப்புகள் கணினியில் நகர்கின்றன. இளம் அதிகாரிகள் தாங்களே தட்டச்சு செய்கிறார்கள். என் பென்சில் வாரத்துக்கு ஒருமுறை சீவப்பட்டால் அதிகம். மெச்சுவதற்கு ஆளே இல்லாத ஒரு வேலையில் மிச்ச காலத்தைக் கழிப்பது பழைய எனக்கு நரகமாக இருந்திருக்கும். இப்போது குளிர்கால மதியங்களில் புல்வெளிக்குப் போகிறேன், கடலை உரிக்கிறேன். 9.1 தாளும் 7.6 தாளும் மின்கட்டண ரசீதுகளோடு பீரோவில் கிடக்கின்றன. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாடல் குழுவில் என் தனிப் பாட்டுக்குப் பிறகு யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கண் இன்னும் தேடும்.

போன மாதம் புதிய இணைச் செயலர் கண் பரிசோதனைக்குப் போய்வந்து, திரையைப் பார்க்க முடியாததால் என்னை அழைத்தார். வேகமாகப் பேசுபவர். மூன்றாவது பத்தியில் ஒரு எண் வந்தது. பதினைந்தா ஐம்பதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் எந்த ஸ்டெனோவையும் கவிழ்க்கும். பென்சிலை நிறுத்தி, “சார், அந்த எண்ணை இன்னொரு முறை சொல்லுங்கள், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை” என்றேன். அவர் முகம் லேசாகச் சுளித்ததைக் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. “ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்” என்றார். எண்ணாகவே எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டேன்.