மதுரையில் வாடகை வீடு பார்க்கிறீர்களா, முதலில் ஆற்றைப் பாருங்கள்

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ மதுரைக்கு வருகிற சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "வாடகை கம்மியா, பிள்ளைகளை வச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கிற மாதிரி எந்த ஏரியா நல்லா இருக்கும்?" நான் உடனே ஏரியா பெயர் எதையும் சொல்வதில்லை. வேலை ஆற்றுக்கு வடக்கேயா தெற்கேயா, பிள்ளையின் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், அதை முதலில் சொல்லுங்கள் என்பேன். கேட்பவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

மதுரை சின்ன ஊர்தானே, எங்கே இருந்தால் என்ன, அரை மணி நேரத்தில் எங்கேயும் போய்விடலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வைகையைத் தாண்டாத வரைக்கும் அது ஓரளவு சரி. தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் காலை ஒன்பது மணிக்கு ஏ.வி. பாலத்திலும் கோரிப்பாளையத்திலும் வண்டியை இன்ச் இன்ச்சாக நகர்த்த வேண்டும். அது 1889-ல் திறந்த பாலம், அன்றைக்கு ஓடிய மாட்டுவண்டிக்குப் போதுமானதாக இருந்திருக்கும். கோரிப்பாளையத்தில் மேம்பால வேலை ஆரம்பித்த பிறகு அந்தச் சந்திப்பைத் தினமும் கடப்பவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளம் வழியாக வீடு திரும்பலாம் என்று நினைப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அவர்கள் அப்படியே அழகரைச் சேவித்துவிட்டு மறுநாள் வரலாம்.

எங்கள் விஷயத்தில் இது சுலபமாக முடிந்தது. நான் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன், என் கணவருக்குக் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. இரண்டுமே தெற்கே. அதனால் கே.கே.நகர், அய்யர் பங்களா, திருப்பாலை, ஒத்தக்கடை எல்லாம் எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் எங்களுக்கு இல்லை என்று முதலிலேயே அடித்துவிட்டோம். பாதி ஊரை அடித்துவிட்டால் தேடுவது எவ்வளவு லேசாகிறது தெரியுமா.

வடக்கே வேலை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பறக்கும் பாலம் 2023-ல் திறந்ததும் அந்தப் பக்கம் மனை விற்பவர்கள் எல்லாரும் "டவுனுக்குப் பத்தே நிமிஷம் மேடம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஊமச்சிகுளத்தைத் தாண்டிக் குடியிருந்து, சொந்த வண்டியும் வைத்திருந்தால் அது சரிதான். நாராயணபுரத்திலோ அய்யர் பங்களாவிலோ இருந்துகொண்டு டவுன் பஸ்ஸை நம்புகிறவருக்கு நம் ஸ்டாப் பாலத்துக்குக் கீழேதான் இருக்கிறது, பஸ்ஸும் கீழேதான் வரும். ஒன்று சொல்ல வேண்டும், அதே ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதியோடு. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அதற்காகவே அந்தப் பக்கம் போகலாம், நான் தப்பே சொல்ல மாட்டேன். ஒத்தக்கடையும் நல்ல தேர்வு. உயர்நீதிமன்றக் கிளை, விவசாயக் கல்லூரி, பக்கத்தில் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், மேலூர் ரோட்டில் எந்நேரமும் பஸ், ஜன்னலைத் திறந்தால் யானைமலை. ஆனால் 2004-ல் கோர்ட் வந்ததிலிருந்து வக்கீல்களோடு போட்டி போட்டுத்தான் அங்கே வீடு பிடிக்க வேண்டியிருக்கிறது.

திண்டுக்கல் ரோட்டில் விளாங்குடி, பரவை. பரவை முனியம்மாவின் ஊர். காய்கறி மார்க்கெட் அங்கேயே இருப்பதால் சமையல் செலவு குறையும், ஆனால் விடிகாலை லாரிச் சத்தம் எல்லாருக்கும் ஒத்துவராது.

இனி தெற்கு. அவனியாபுரத்தில் வாடகை குறைவாகச் சொன்னார்கள், வீடும் விசாலம். சாயங்காலம் காற்று திரும்புகிற நேரத்தில் போய் நின்று பார்த்தோம், வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு வாடை வந்தது. அவனியாபுரம் முழுக்க அப்படி இல்லை, தெருவுக்குத் தெரு மாறும். அதனால்தான் சொல்கிறேன், வீட்டைக் காலையில் மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். திருநகர் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப் என்று ஸ்டாப்பை வைத்தே முகவரி சொல்கிற ஊர், நேர்நேரான தெருக்கள், பழைய மரங்கள், பக்கத்தில் மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஹார்விபட்டி. ஆனால் அங்கே வீடு காலியாவதே அபூர்வம், காலியானாலும் போர்டு மாட்டுவதற்குள் யாராவது சொல்லிவைத்து எடுத்துவிடுகிறார்கள். முகூர்த்த நாட்களில் திருப்பரங்குன்றத்தில் அத்தனை கல்யாணம் நடக்கும். அன்றைக்கு டவுனிலிருந்து வரும் பஸ்ஸில் பட்டுப்புடவைகளுக்கும் தாம்பூலப் பைகளுக்கும் நடுவே நமக்கு நிற்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

கடைசியில் நாங்கள் போனது நாகமலை புதுக்கோட்டை. கே.கே.நகரில் சொன்ன வாடகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தேனி ரோடு, காளவாசல் வழியாகப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நேர் பஸ், நடுவில் ஆறு கிடையாது. என் கணவர் ஊருக்குள்ளேயே நுழையாமல் நான்குவழிச் சாலையைப் பிடித்து நேராகக் கப்பலூர் போய்விடுகிறார். காலையில் கல்லூரி, பல்கலைக்கழகப் பிள்ளைகள் கூட்டம் டவுனிலிருந்து இங்கே வரும். நான் இங்கிருந்து டவுனுக்குப் போகிறேன், அதனால் பாதி நாள் உட்கார இடம் கிடைக்கிறது. இந்த எதிர்த்திசை விஷயத்தை வீடு தேடும்போது யாரும் யோசிப்பதில்லை, தினமும் இரண்டு வேளை பஸ்ஸில் போகிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பஸ் என்று சொல்லும்போது, பெண்கள் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால் கட்டணமில்லா டவுன் பஸ் எத்தனை நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது என்று பாருங்கள். "பஸ் வசதி இருக்கு" என்று புரோக்கர் சொல்வது பெரும்பாலும் வெளியூர் பஸ்ஸை. அது நம் ஸ்டாப்பில் நிற்காது, நின்றாலும் டிக்கெட் எடுக்க வேண்டும். பிங்க் பஸ் அடிக்கடி வருகிற இடம் என்றால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம், அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அப்புறம் ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஸ்டாப்பில் டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். வீட்டு ஓனரிடம் கேட்காதீர்கள், அவரிடம் வண்டி இருக்கும்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். மதுரையைச் சுற்றிப் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. வீடு பார்க்கப் போனால் நான் ஹாலையும் படுக்கையறையையும் அப்புறம்தான் பார்ப்பேன், நேரே பாத்ரூமுக்குப் போய் வாளியையும் குழாயின் வாயையும் பார்ப்பேன். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தால் தெரிந்துகொள்ளலாம். வெள்ளை அடித்துக் குழாய் மாற்றி வைத்திருக்கிற வீட்டில் அதுவும் தெரியாது, அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "ஏம்மா, இந்தத் தண்ணியில பருப்பு வேகுதா?" என்று கேட்டுவிடுவார். உப்புத் தண்ணீரில் துவரம் பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் முழிச்சுக்கிட்டு நிற்கும். ஒரு இடத்தில் அந்தம்மா சிரித்துவிட்டு, "பருப்புக்கு வண்டித் தண்ணிதான் அக்கா, குடம் பன்னிரண்டு ரூபா" என்றார். நாளைக்கு மூன்று குடம் என்று வைத்தாலும் மாதம் 1,080 ரூபாய். வாடகையில் ஆயிரம் குறைத்துக் கொடுத்ததெல்லாம் அங்கேயே போய்விட்டது.

மழைத் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், பி.பி.குளம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை எல்லாரும் பார்த்தோம். புறநகரில் புது நகர்கள் பலவும் கண்மாய்களுக்குப் பக்கத்தில்தான் முளைத்திருக்கின்றன, சில கண்மாய்க்குள்ளேயே. பக்கத்துக் கண்மாய் எது, நிறைந்தால் மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று அந்த ஊரில் ஆடு மேய்க்கிற ஒரு பெரியவரிடம் கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார். அவர் காட்டுகிற திசையில் உங்கள் தெரு இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

கரண்ட் விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதில்லை. வீட்டுக்குத் தனி மீட்டரா, சப் மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மாடியும் கீழும் ஒரே இணைப்பில் ஓட்டிவிட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற வீடுகளில் அந்த இலவசம் நமக்குக் கிடையாது.

பள்ளிக்கூடம் பற்றி ஒன்றே ஒன்று. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு விண்ணப்பிக்க நினைத்தால் வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதனால் பள்ளியைப் பார்த்துவிட்டு வீட்டைப் பாருங்கள். மற்றபடி வேன் கட்டணத்தைக் கேட்டு, அதையும் வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மதுரையில் வழக்கமாக இருக்கிற ஒத்தி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருக்கலாம், காலி செய்யும்போது தொகை முழுசாகத் திரும்ப வரும்.  கையில் சேமிப்பு இருக்கிறவர்களுக்கு நல்ல ஏற்பாடுதான், நானே பரிந்துரைப்பேன், ஆனால் ஒத்திக்கு விடுகிறவர் ஏன் விடுகிறார் என்று யோசிக்க வேண்டும். அவருக்குப் பணமுடை. வீட்டின் மேல் ஏற்கனவே பாங்க் கடன் இருந்து அவர் கட்டாமல் விட்டால் முதலில் கை வைப்பது பாங்க்தான், நாம் வெறும் பத்திரத்தாளோடு நிற்போம். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகவே பார்க்கலாம், சர்வே எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒத்தியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். செலவாகும் என்று இழுப்பார்கள். பதிவு வேண்டவே வேண்டாம் என்று ஒருவர் அடம்பிடித்தால் அந்த வீடு வேண்டாம், அவ்வளவுதான். சாதாரண வாடகைக்கு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் சொல்கிறது. அதை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசலாம், மனுஷரைப் பொறுத்து.

இங்கே எல்லாமே தேன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் ஊராட்சி, பாதாள சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மழை விட்ட மறுநாள் வாசலில் பாம்பு வரும், டார்ச் இல்லாமல் ராத்திரி மாடிப்படி இறங்குவதில்லை. துணிமணி வாங்கக் காளவாசலுக்கோ மாசி வீதிக்கோதான் போக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய் ஐயனார் கோவில் ஆலமரத்தடியில் உட்கார்ந்தால் பையன் விழுதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே இருப்பான், தாமரைக் குளத்துக் காற்று வரும், செலவு என்று பார்த்தால் இரண்டு பாக்கெட் கடலை.

சரி, வாடகை கொடுப்பதற்குப் பதில் மனையே வாங்கிவிடலாமே என்று ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் தோன்றும். தோப்பூர் பக்கம் போனால் எய்ம்ஸ் என்பார்கள், அதற்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். திருமங்கலம் ரோட்டில் போனால் ஒத்தக்கடை வரைக்கும் மெட்ரோ வரப்போகிறது என்பார்கள். வரட்டும், வந்த பிறகு பார்க்கலாம். வராத ரயிலுக்கு சென்ட்டுக்கு இவ்வளவு என்று இப்போதே கொடுப்பானேன். மனை விலையைச் சொல்லும்போது பத்திரச் செலவைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் இல்லாத மனையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பாங்க் கடன் கிடைக்காது.

வீடு தேட நல்ல மாதம் ஆடி. யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், காலியான வீடு காலியாகவே கிடக்கும், வீட்டு ஓனர் கொஞ்சம் இறங்கி வருவார். மே, ஜூனில் பள்ளி திறக்கிற நேரத்தில் போனால் அவர் சொன்னதுதான் வாடகை. ஆடியில் பேசி அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, ஆவணியில் நல்ல நாள் பார்த்துச் சாமானை ஏற்றுங்கள். டோக்கன் அட்வான்ஸுக்கும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.