பொங்கலும் கடைவாய்ப் பல்லும்

2025 ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. திருச்சிக்கு உள்ளூர் விடுமுறை. ஊரே ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருக்க, நான் தில்லைநகரில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். கீழ் வரிசையில் வலது கோடி ஞானப்பல். நிமிர்ந்து முளைக்காமல் படுத்தபடி முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லை முட்டுகிறதாம், எக்ஸ்ரேயில் காட்டினார். தீபாவளியிலிருந்து தள்ளிப்போட்டு வந்தது. ஆபீசில் லீவு சொல்லாமல் முடித்துவிடலாம் என்று இந்த வாரத்தைப் பிடித்தேன். நடுவில் பொங்கல் வருகிறதே என்று தோன்றவே இல்லை. ஞானப்பல் இருந்தும் ஞானம் அவ்வளவுதான்.

அம்மா விரதம். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருந்ததால், "ஏகாதசியும் அதுவுமா" என்று முனகிக்கொண்டே எனக்கு மட்டும் இட்லி வைத்தார்.

ஊசி போட்டுச் சிறிது நேரத்தில் பாதி உதடு யாருடையதோ போல ஆகிவிட்டது. வலி இல்லை, சத்தம்தான். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டாக அறுத்து எடுத்தார். மூன்று தையல். ஒரு மணி நேரம் பஞ்சைக் கடித்திரு, துப்பாதே, ஸ்ட்ரா கூடாது, எதையும் உறிஞ்சாதே. உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்து எலும்பு வெளியே தெரியுமாம். "அந்த வலி வந்தா, இதெல்லாம் வலியே இல்லம்பீங்க" என்றார். பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஜனவரி 11, சனி

கன்னத்தில் ஐஸ். பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து. டாக்டர் ஐஸ்க்ரீம் சாப்பிடலாம் என்றிருந்தார். மார்கழிக் குளிரில் ஐஸ்க்ரீமா என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். மனைவி எனக்காகப் பரிந்து பேசி ஒரு கப் வாங்கித் தந்தாள். ஸ்பூன் உள்ளே போகவில்லை. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது.

மாலையில் ரேஷன் கடையிலிருந்து பொங்கல் தொகுப்பு வந்தது. ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு. கரும்பை மனைவி என் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் சாத்திவிட்டுப் போனாள். வேறு இடமே கிடைக்கவில்லையா?

ஜனவரி 12, ஞாயிறு

இன்றுதான் வீக்கம் உச்சம். மூன்றாம் நாள் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "பொன்னுக்கு வீங்கிதான் இது, தங்கச் சங்கிலியைப் போடுங்கடி" என்றார். பல் பிடுங்கினது என்று சொல்லலாம் என்றால் வாய் ஒத்துழைக்கவில்லை. அம்மாவுக்கு உண்மை தெரியும். இருந்தாலும் தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். போட்டுக்கொண்டு ஆறிப்போன கேழ்வரகுக் கஞ்சி குடித்தேன்.

ஜனவரி 13, திங்கள்

போகி. விடியலில் புகை. இருமல் வந்தால் தையல் இழுக்கிறது. தங்கை வந்துவிட்டாள், மகனுடன். அவனுக்கு ஆறு வயது, மேலே முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் முடிந்த மட்டும் சிரித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

வாசலில் பானை பொங்கியது. எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்த, நான் "ஒங்கலோ ஒங்கல்" என்றேன். தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரைப் பொங்கல் எனக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில், முந்திரி பொறுக்கி எடுத்து, ஆறவைத்து, மசித்து. ஆறின பொங்கலில் நெய் உறைந்து நாக்கில் ஒட்டுகிறது. இருந்தாலும் வழித்துச் சாப்பிட்டேன். பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்து, தானாக வழியவிட்டேன். கொப்பளித்துத் துப்ப இன்னும் பயம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். கரும்பை வெட்டினார்கள். கடித்து, மென்று, உறிஞ்சி, துப்ப வேண்டிய பண்டம். எனக்கு விலக்கப்பட்ட நான்கு காரியமும் ஒரே கழியில். மருமகனுக்கும் முன்பல் இல்லாததால் தோலை உரிக்க வரவில்லை. ஒரு துண்டை வைத்துக்கொண்டு மூலையில் அழுதான். அம்மா எதுவும் பேசாமல் ஐந்தாறு துண்டுகளைச் சீவி, இஞ்சி தட்டுகிற சின்ன உரலில் நசுக்கி, வெள்ளைத்துணியில் பிழிந்தார். ஆளுக்குக் கால் டம்ளர். அண்ணாந்து மெதுவாக விட்டுக்கொண்டேன். வலது பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. அதில் இஞ்சி வாசனையும் கொஞ்சம் இருந்தது.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். வந்தவர்கள் என்னைத்தான் கண்டார்கள். டிவியில் அலங்காநல்லூர்.

ஜனவரி 17, வெள்ளி

தையல் பிரித்தாயிற்று, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. இரண்டு விரல் அளவு வாய் திறக்கிறது. கடினமான பண்டம் இன்னும் சில வாரத்துக்குக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் மருமகன் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் பல் விழுந்தபோது சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தார்களாம், இதையும் எறிய வேண்டும் என்கிறான். மாடிக்குப் போனோம். சாணிக்கு எங்கே போவது, கோலத்தின் நடுவே வைத்திருந்த பிள்ளையாரிலிருந்து கொஞ்சம் கிள்ளிக்கொண்டான். தண்ணீர்த் தொட்டி மேலே எறிந்தான். இரண்டு துண்டில் ஒன்று கீழே விழுந்துவிட்டது.

"பாதிப் பல்லுதான் முளைக்கும் மாமா."

முளைக்காமல் இருந்தாலே போதும் என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.