வங்கம் மலிந்த துறையில் ஒரு குடம் தண்ணீர்

அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த நாளிலிருந்து, விளக்கு வைத்ததும் எங்கள் வீட்டில் ஒரே தேவாரம்தான். 'அங்கத்துறு நோய்கள் அடியார்மேல் ஒழித்தருளி' என்று இலங்கையின் மன்னாரிலிருக்கும் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலைச் சுந்தரர் பாடியது. அம்மா நோயைப் பற்றிக்கொள்வார். எனக்கு அடுத்த அடியில் மனம் நின்றுவிடும்: 'வங்கம் மலிகின்ற கடல் மாதோட்ட நன்னகரில்.' வங்கம் என்றால் கப்பல், மாதோட்டம் அந்தக் கோயில் இருக்கும் பழைய துறை. நோய் தீரப் பாடும் பாட்டில் கப்பலுக்கு என்ன வேலை?

கேதீச்சரம் போக மன்னார் நகரில் ஓட்டோ பிடித்தோம். ஓட்டுநரின் கழுத்தில் செபமாலை. "சிவராத்திரிக்கு வந்திருந்தால் என்னைப் பிடித்திருக்க முடியாது அம்மா, அன்றைக்கு முழுவதும் கேதீச்சர ஓட்டம்தான்" என்றார். கேட்காமலே பள்ளிமுனைப் பக்கம் வண்டியைத் திருப்பி, பருத்துக் கிடக்கும் பெருக்க (பாவோபாப்) மரத்தைக் காட்டினார். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அம்மா அதையும் ஒரு கும்பிடு போட்டார்.

பாலத்துக்கு முன்பே கோட்டை வந்துவிடுகிறது. 1560இல் போர்த்துக்கீசர் மன்னாரைப் பிடித்தார்கள். முத்துக்குளிக்கும் கடல் கையில் இருக்க வேண்டும், மதமும் பரவ வேண்டும். இரண்டும் அவர்களுக்கு ஒரே வேலைதான். கேதீச்சரத்தை இடித்த கற்களே இந்தக் கோட்டைக்குப் போயின என்பது வழிவழியாக வரும் பேச்சு. 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறியபடியே இருந்தது.

இதைக் கோபமாகவே சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 1544இல், இதே மன்னாரில் கிறிஸ்தவம் தழுவிய நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் வாள். முன்னால் தொங்கிய செபமாலையைப் பார்த்துக்கொண்டு அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதற்கும் முன்பு சோழர் வந்தபோது மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயரே மாற்றினார்கள். தாழிகுமரன் என்ற சோழ அதிகாரி இங்கே இராசராசேச்சுரம் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. நம்மவர் பிடித்தால் மட்டும் அதற்குத் திருப்பணி என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

மாதோட்டம் அனுராதபுர அரசுக்கே வாசலாக இருந்த துறை. பாளி நூல்கள் இதை மகாதித்த என்றன. விஜயனுக்கு வாழ்க்கைப்பட்ட பாண்டிய இளவரசி கரையிறங்கியது இங்கேதான் என்கிறது மகாவம்சம். மாந்தை என்றும் சொல்லும் இந்த மண்ணைத் தோண்டியபோது சீனப் பீங்கானும் பாரசீக வளைகுடா மட்பாண்டமும் கிடைத்தன. சுந்தரர் இராமேச்சரத்துக் கரையில் நின்றே பாடினார் என்பார்கள். வந்துபோகும் கப்பல்காரர்கள் சொல்லாமல் அவருக்கு இந்த ஊர் எப்படித் தெரிந்திருக்கும்? என் கேள்விக்குக் கோட்டையைத் தாண்டும்போதே பாதி விடை கிடைத்துவிட்டது.

இடிந்த தலம் காடாகிவிட்டது. 1872இல் ஆறுமுக நாவலர் இதை மீட்க வேண்டும் என்று எழுதினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் நிலம் கைக்கு வந்தது. பிறகு போர். 1990க்குப் பின் பல ஆண்டுகள் அடியார் நினைத்தபோது போய்வர முடியாத இடம். இப்போது நிற்பது கருங்கல் கோயில், 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் கண்டது. கல் இன்னும் புதிதாகவே இருக்கிறது.

கோயிலின் தீர்த்தமான பாலாவியில் நீர் மொண்டு மகாலிங்கத்துக்கு நம் கையாலேயே ஊற்றலாம். குடத்தை நான் வாங்கிக்கொண்டேன். கப்பல் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று பராக்குப் பார்த்து நடந்ததில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிட்டது. லிங்கத்தின் முன்னால் அம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வலிக்கிற காலோடு மறுபடி பாலாவிப் படிகளை நோக்கி நடந்தார்.