சளியைத் தொடர்ந்து வீசிங்: ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்போது நம்பலாம்?

ஆஸ்துமா உள்ளவருக்குச் சளி பிடித்தால் இரண்டு மூன்று நாளில் வீசிங் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ். அடுத்தடுத்து பரிசோதனைகள் நடக்கும், ரிப்போர்ட்டுகள் சேரும். அவற்றில் எண் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன், மாதிரி எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். அதைக் கவனிக்காததால்தான் "உங்களுக்கு அலர்ஜி வகை ஆஸ்துமா இல்லை" என்ற தவறான முடிவு பலருக்குச் சொல்லப்படுகிறது.

மூச்சுக்குழாயின் உட்புறச் செல்களுக்குள் வைரஸ் புகுந்ததும் அவை டிஎஸ்எல்பி, இன்டர்லூக்கின்-25, இன்டர்லூக்கின்-33 ஆகிய சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகின்றன. இவை தூண்டிவிடும் செல்களிலிருந்து இன்டர்லூக்கின்-5, 13 வருகின்றன. முன்னது ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களைப் பெருக்குகிறது. பின்னது சளியை மிகையாகச் சுரக்க வைப்பதோடு, மூச்சில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடின் அளவையும் ஏற்றுகிறது. ஆக, ரத்த ஈசினோஃபில், ஃபெனோ (மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடை அளப்பது) என்ற இரண்டு பரிசோதனைகளும் ஒரே அழற்சியின் இரு வேறு கிளைகளைக் காட்டுகின்றன. ஒன்று உயர்ந்து மற்றது சாதாரணமாக இருந்தால் குழம்ப வேண்டியதில்லை.

அலர்ஜியில் ஈடுபடும் எதிர்ப்புரதமான ஐஜிஇ-யின் பங்கை மருத்துவர்கள்கூட அதிகம் விளக்குவதில்லை. வைரஸைக் கண்டதும், அதை எதிர்க்கும் புரதமான இன்டர்ஃபெரானை அள்ளிச் சுரக்க வேண்டிய ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்லின் (டென்ட்ரைட்டிக் செல்) மேற்பரப்பில் ஐஜிஇ ஏற்பிகள் இருக்கின்றன. அலர்ஜிப் பொருள் வந்து அவற்றைப் பிணைத்தால் இன்டர்ஃபெரான் சுரப்பு குறைகிறது. அலர்ஜியும் வைரஸும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் தாக்குதல் கடுமையாவதற்கு இது ஒரு காரணம். ஐஜிஇ-யைத் தடுக்கும் ஒமாலிசுமாப், குழந்தைகளிடம் சளிப் பருவத் தாக்குதல்களைக் குறைப்பதும் இதோடு பொருந்துகிறது.

இனி ரத்தப் பரிசோதனை. சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த வெள்ளையணு 8,000, ஈசினோஃபில் 4% என்றால் மைக்ரோலிட்டருக்கு 320. ஒமாலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகளைத் (பயாலஜிக் ஊசிகள்) தேர்வு செய்யும்போது பெரும்பாலும் 150, 300 என்ற எல்லைகளைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே இந்த எண் சரியத் தொடங்கும். அப்போது எடுத்த ரத்தத்தில் 40 வந்தால் அது மருந்தின் வேலை, நோயின் வகை அல்ல. முதல் ஸ்டீராய்டுக்கு முன் எடுத்தால் நல்லது. முடியாவிட்டால் மாத்திரை நிறுத்திச் சில வாரம் கழித்து, சளி இல்லாத நாளில் மறுபடி எடுக்க வேண்டும். இந்த எண் ஒரே நாளிலும் ஏறி இறங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் கொடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து வரிசையாக வைப்பது, புதிதாக ஒன்று எடுப்பதைவிடப் பல சமயம் பயன் தரும். குடற்புழு இருந்தாலும் எண் ஏறும். ஈசினோஃபில்களை அழிக்கும் பென்ராலிசுமாப் ஊசி போடுபவருக்கு அது ஏறக்குறைய பூஜ்யமாகவே இருக்கும்.

ஃபெனோவில் பெரியவர்களுக்கு 25 பிபிபி-க்குக் (நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அலகு) கீழ் குறைவு, 50-க்கு மேல் அதிகம். குழந்தைகளுக்கு 20, 35. புகைப்பவரிடம் எண் பொய்யாகக் குறையும். சளி பிடித்திருக்கும்போது ஏறலாம். பலமாக ஊதி நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிக்கு முன்பே ஃபெனோ எடுக்க வேண்டும், ஏனெனில் பலமாக ஊதியபின் அளவு இறங்கிவிடும்.

மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆரில் ரைனோவைரஸ் வந்துவிட்டால் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணத் தோன்றும். ஆனால் சளி போய் வாரக்கணக்கானாலும் அது தென்படலாம். அறிகுறியே இல்லாதவரிடமும் இருக்கும்.

ஐபி-10 என்ற புரதம் வைரஸ் தூண்டிய தாக்குதலில் ரத்தத்தில் உயர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அதை வைத்து ஒருவருக்குச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் கட்டம் இன்னும் வரவில்லை. அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி, வைரஸ் தொற்றிலும் ஏறும். லேசாக உயர்ந்த ஒரு சிஆர்பிக்காக ஆன்டிபயாட்டிக் எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. காய்ச்சல், எக்ஸ்ரே, சளியின் தன்மை எல்லாம் சேர்ந்து பாக்டீரியாவைச் சுட்டினால் மட்டுமே அது தேவை.

இந்த எண்கள் எதுவும் தாக்குதலின் கடுமையை அளப்பவை அல்ல. ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுகிறது, ஆக்சிஜன் 90%-க்குக் கீழ் இறங்குகிறது, பீக் ஃப்ளோ (வேகமாக ஊதும் மூச்சின் உச்ச அளவு) தன் சிறந்த அளவில் பாதிகூட இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் லேப் முடிவுக்குக் காத்திருக்காமல் ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியாக மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் எடுத்துக்கொண்டே அவசர சிகிச்சைக்குப் புறப்பட வேண்டும்.