அடுத்த கிழமைப் பாடக்குறிப்பு

தரம் 8க்கு எளிய சமன்பாடும் சுட்டியும் (ந² இல் மேலே நிற்கும் 2 போன்றது) அடுத்தடுத்து வருகின்றன. சமன்பாட்டுக்கு உதாரணம் தேடி அலையத் தேவையில்லை, கிளிநொச்சி இரணைமடுக் குளம் இருக்கிறது. குளம் 36 அடி கொள்ளும். இப்போது 20 அடி நிற்கிறது, நாளுக்கு அரை அடி ஏறுகிறது என்று வைத்தால் எத்தனை நாளில் நிரம்பும்? நாட்களின் எண்ணிக்கையை 'ந' என்று எடுத்தால் 20 + ந/2 = 36. இரு பக்கமும் 20 கழித்து, இரு பக்கமும் 2ஆல் பெருக்க 32 நாள். "மற்றப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மந்திரத்தை இந்தமுறை கரும்பலகைப் பக்கமே விடுவதில்லை.

வயற்காரர் வீட்டுப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும், "சேர், மழை ஒவ்வொரு நாளும் ஒரே அளவிலயே பெய்யும்?" கேட்கட்டும். சீராக ஏறினால்தான் வரைபில் நேர்கோடு வரும் என்பதை அங்கே பிடித்துவிடலாம்.

சுட்டியில் சிக்கல் 2ந, ந² குழப்பம்தான். இதை விளக்க ந = 2 போடவே கூடாது, இரண்டுக்கும் 4 வந்து தொலையும். 5 போட்டால் 10, 25. சரி, அப்புறம் கொப்பித் தாள் மடிப்பு: ஒரு மடிப்புக்கு 2 படை, மூன்றுக்கு 8, ஆறுக்கு 64. மடிக்காத தாள் ஒரு படை, அதுதான் 2⁰ = 1. இதைவிட லேசான விளக்கம் எனக்குத் தெரியாது.

பழைய பேப்பர் கட்டு வீட்டில் சும்மா கிடந்தால் சொல்லுங்கோ, வந்து எடுக்கிறேன். இல்லாவிட்டால் பிள்ளைகள் கொப்பியைத்தான் கிழிப்பார்கள்.