கடைசிப் பாதை இன்னும் போகவில்லை

மாலை ஐந்தரை மணியானதும் என் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வார். தலையணை உறையொன்றையும் பாக்குவெட்டியையும் துணிப்பை ஒன்றுக்குள் திணித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நிற்பார். "பாதை போயிரும் புள்ள, இருட்டுப்பட முதல் அக்கரைக்குப் போகணும்" என்பார். மறதிநோயோடு கழிந்த கடந்த இரண்டு ஆண்டுகளில் இந்த ஒரு வசனத்தை எத்தனை மாலைகளில் கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

வாவியைக் கடப்பதற்கு ஆட்களையும் சைக்கிள்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையைத்தான் மட்டக்களப்பில் நாங்கள் பாதை என்போம். அம்மா பிறந்தது வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்டிய ஒரு கிராமத்தில். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த பெண் தாய்வீட்டு வளவிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அம்மாவும் தனக்குச் சீதனமாகக் கிடைத்த வீட்டில், தன் தாயின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தவர். போர்க்காலத்தில், 1991இல், நாங்கள் இடம்பெயர்ந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து ஆரையம்பதியில் தங்கினோம். அதன் பிறகு அந்த வளவுக்குக் குடியிருக்கத் திரும்பிப் போகவேயில்லை. ஆகவே "வீட்ட போகணும்" என்று அவர் சொல்லும்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் இந்த வீட்டை அவர் சொல்வதில்லை. தன் பெயருக்கு எழுதப்பட்ட, தன் தாய் பக்கத்தில் இருக்கிற அந்த வீட்டைத்தான் சொல்கிறார்.

ஆரம்பத்தில் நான் அவருக்கு உண்மையை விளக்கிக்கொண்டிருந்தேன். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தாயிற்று, அந்தத் துறையில் இப்போது பாதையே ஓடுவதில்லை, நீங்கள் இருப்பது உங்கள் வீட்டில்தான் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு படலையைப் பார்ப்பார், மீண்டும் "பாதை போயிரும்" என்பார். ஒரு நாள் களைப்பு மேலிட்டு, "அம்மம்மா செத்து எத்தனையோ வருசம், அங்க ஒருத்தரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே படியில் இருந்துவிட்டார். "ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல? அந்தியேட்டிக்காவது கூப்பிட்டிருக்கலாமே" என்று அழுதார். அம்மம்மாவின் தலைமாட்டில் இருந்து கடைசியாகத் தண்ணீர் பருக்கியவரே அவர்தான். அரை மணி நேரத்தில் நான் சொன்ன செய்தி மறந்துபோயிற்று. அழுகை மாத்திரம் மறக்கவில்லை. எதற்காக அழுகிறோம் என்று தெரியாமலேயே இரவு படுக்கும்வரை சிணுங்கிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் பின்னர் வாசித்தபோது எனக்கு அந்த மாலைதான் நினைவுக்கு வந்தது. அல்சைமர் நோயுள்ளவர்களுக்கு அவர்கள் துயரமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டினார்கள். சற்று நேரத்தில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை மறந்துபோயின. ஆனால் அவை எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தங்கியிருந்தன. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியை இந்நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. காலையில் சாப்பிட்டது மறந்துபோக, அறுபது ஆண்டுக்கு முந்திய வளவும் வாய்க்காலும் தெளிவாக இருப்பது இதனால்தான். இதை அறிந்த பிறகு என் கேள்வி மாறிவிட்டது. நான் சொல்வது சரியா என்பதை விட, நான் எழுந்து போன பிறகு அம்மாவின் மனதில் என்ன மிஞ்சும் என்பதே எனக்கு முக்கியமாயிற்று.

இப்போது அவர் படியில் வந்து நின்றால் நானும் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். "அக்கரையில ஆரம்மா இருக்காங்க?" என்று கேட்கிறேன். தன் அம்மா தேடுவா என்பார். "தேடினா என்ன செய்வா?" என்றால், விளக்கைத் தூக்கிக்கொண்டு வேலிக் கடப்புவரை வந்து நிற்பா என்பார். அந்த விளக்கு எப்படிப்பட்டது, கடப்புக்குப் பக்கத்தில் நின்ற மரம் எது, வழியில் நாய் குரைக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனால் கையிலுள்ள பையின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். "நேரம் கிடக்கு, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று நான் சொல்லும்போது அவர் பெரும்பாலும் உள்ளே வந்துவிடுவார். இது பொய்யா என்று என் தம்பி கேட்டான். நானும் பல இரவுகள் யோசித்தேன். பாதை வருகிறது என்று நான் சொல்வதில்லை, அம்மம்மா உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்வதில்லை. அம்மாவுக்குத் தன் தாய் வேண்டும் என்பது உண்மை, அந்த உண்மைக்கு நான் பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் முதியோர் இல்லமொன்றில் பணியாற்றிய நயோமி ஃபைல் என்ற பெண்மணி 1960களிலிருந்து இதையே ஒரு முறையாக வளர்த்தெடுத்திருக்கிறார். மூப்பினால் குழம்பியவரை நம்முடைய இன்றைக்கு இழுத்துவருவதை விட்டு, அவர் நிற்கும் இடத்துக்கு நாம் போய் அங்குள்ள உணர்வைக் கேட்கவேண்டும் என்பது அவரது வழி.

எங்கள் ஊரில் இந்த நோய்க்கு "அறளை பேந்துட்டு" என்பதே பேச்சு. அந்தச் சொல்லில் கொடுமை இல்லைதான், ஆனால் அது கதையை அங்கேயே முடித்துவிடுகிறது. வயது போனால் இப்படித்தான், இனிப் பேசி என்ன பயன் என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட மாற்றங்களை 1906இல் எடுத்துச்சொன்ன காலத்திலிருந்து இது மூளையில் ஏற்படும் நோய் என்பது தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் ஏதாவதொரு வகை மறதிநோயுடன் வாழ்ந்தார்கள். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற நாடுகளில், பெரும்பாலும் வீட்டில், ஒரு மகளுடைய அல்லது மருமகளுடைய கையில் இருக்கிறார்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவுக்குச் சோதனை வைக்கிறார்கள். "என்ன ஆரெண்டு தெரியுதா?" என்பதுதான் முதற்கேள்வி. சுவிஸிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் காட்டும் தம்பியும் அப்படித்தான் கேட்பான். தெரியாதபோது அம்மாவின் கண்கள் என்னைத் தேடி ஓடும். வகுப்பில் எழுப்பிவிடப்பட்ட பிள்ளையின் பார்வை அது. அன்பினால்தான் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து கேட்கவேண்டாம். "பெரியம்மா, நான் உங்கட தங்கச்சிட மகள் வந்திருக்கன்" என்று நீங்களே சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். இப்போது தம்பி, "அம்மா, நான் உங்கட மகன், சுவிஸில இருந்து கதைக்கிறன்" என்று தொடங்குகிறான். பெயர் வராவிட்டாலும் அம்மாவிடமிருந்து "சாப்பிட்டயா மனே?" என்பது வந்துவிடுகிறது. என்னைச் சில நாட்களில் "அக்கா" என்கிறார். முதற்தடவை அது என்னைக் குத்தியது. பிறகு, அக்கா என்று அழைக்கும் குரலில் இருந்த நம்பிக்கையைக் கவனித்தேன். அக்காவாகவே இருந்துவிடுகிறேன்.

பேசும் விதமும் பழகவேண்டியதுதான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திடுக்கிடுகிறார், ஆகவே முன்னால் வந்து, அவருடைய கண்மட்டத்துக்குக் குனிந்து, வானொலியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு வசனம். அதற்குப் பிறகு காத்திருக்கவேண்டும். நமக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த மௌனத்துக்குள் அவர் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருப்பார், அவசரப்பட்டு நாம் எடுத்துக்கொடுத்தால் தேடியது தவறிப்போகும். "என்ன சாப்பிடப்போறீங்க?" என்ற கேள்விக்குப் பதில் வராது. பிட்டையும் சோற்றையும் தட்டில் காட்டினால் கை தானாக நீளும். குளிக்கக் கூப்பிட்டால் கோபம் வரும், தலைக்கு எண்ணெய் வைப்போமா என்றால் வந்து இருந்துவிடுவார், எண்ணெய் வைத்த தலைக்கு அடுத்தது என்ன என்பது அவருக்கே தெரியும். பொழுது சாயும் வேளையில் மூலைகளில் விழும் நிழல்கள் அவரைப் பயமுறுத்துவதைக் கண்ட பிறகு, ஐந்து மணிக்கே எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டுவிடுகிறேன்.

வைகாசி மாதத்தில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு நடக்கும் நாட்களில், ஒலிபெருக்கியில் உடுக்குச் சத்தம் கேட்டதும், காலையில் என் பெயரைச் சொல்ல முடியாத அதே வாய் முழுப் பாட்டையும் சேர்ந்து பாடுகிறது.

எல்லா நாட்களும் இப்படி இதமாக முடிவதில்லை. சென்ற கார்த்திகையில் ஓர் இரவு காற்று மாறி அடித்தபோது அம்மா எழுந்து, "கூரை போகுது, புள்ளையள மூட்டைக்குள்ள ஒளிங்க" என்று கத்தினார். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்துப்போட்டபோது எனக்கு ஐந்து வயது. எங்கள் கிடுகுக் கூரை பறந்த பிறகு, நெல்மூட்டைகளுக்கிடையில் எங்களைத் திணித்து அம்மா தன் உடம்பால் மூடிக்கொண்டிருந்தது எனக்கும் மங்கலாக நினைவிருக்கிறது. அது நடந்து எவ்வளவோ காலம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அது அந்த இரவில்தான் நடந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளியில் அவரோடு நானும் உட்கார்ந்து, ஒரு போர்வையை இருவர் தலைக்கும் மேலாக இழுத்துவிட்டு, "புள்ளையள் எல்லாம் பத்திரமா இருக்காங்க அம்மா, நான் எண்ணிட்டன்" என்றேன். அவர் கை என் தலையைத் தடவி, தோளைத் தடவி, மீண்டும் தலைக்கு வந்தது. என்னை மூடிப் பிடித்துக்கொண்டார். அன்றிரவு ஆறுதல் சொல்லப் போனவள் நான்தான், ஆனால் ஐந்து வயதில் கிடைத்த அதே அணைப்பு எனக்குக் கிடைத்தது. விடியும்வரை அப்படியே இருந்தோம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். மறதிநோய் படிப்படியாகத்தான் கூடும். ஒரே இரவில் அல்லது இரண்டு நாட்களில் ஒருவர் முற்றாகக் குழம்பிப்போனால் அதை நோயின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அம்மா திடீரென்று இல்லாத ஆட்களைக் காணத் தொடங்கியபோது, நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் வயதுக்கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த நாள் வேறொரு மருத்துவர் சிறுநீரைச் சோதித்துத் தொற்று இருப்பதைக் கண்டுபிடித்தார். மருந்து கொடுத்துச் சில நாட்களில் அம்மா பழைய நிலைக்கு வந்தார். தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் இப்படிக் குழப்பும். வலிக்கிறது என்று அவர்களால் சொல்லமுடியாது, நடத்தையால்தான் சொல்வார்கள்.

நானும் கத்தியிருக்கிறேன். இரவு மூன்றாம் தடவையாக எழுப்பப்பட்டபோது கதவை அடித்துச் சாத்தியிருக்கிறேன். இப்போது கோபம் ஏறுவது தெரிந்தால் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன், அந்த நேரத்தில் என் மகள் அம்மாவோடு இருப்பாள். தனி ஒருவரால் இதைத் தாங்க முடியாது.

சில வாரங்களுக்கு முன் சுளகில் அரிசியை இட்டு அம்மாவின் மடியில் வைத்தேன். முதலில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கைகளும் விளிம்பைப் பிடித்தன, மணிக்கட்டு ஒருமுறை சுண்டியது, அரிசி எழுந்து விழுந்தது. குறுநல் முன்னுக்கு வந்தது, முழு அரிசி பின்னுக்குப் போனது. ஒரு மணி கூடக் கீழே சிந்தவில்லை. நேற்று மாலை ஐந்தரைக்கு அவர் அதைப் புடைத்துக்கொண்டே தலையை நிமிர்த்தி, "பாதை வந்துட்டா புள்ள?" என்று கேட்டார். "இன்னும் காணல்லம்மா" என்றேன்.

"அப்ப இன்னும் கொஞ்சம் அரிசி கொண்டா" என்றார்.